வேண்டும், கூடும், முடியும்

பல ஆண்டுகளுக்கு முன்னர், பள்ளியிறுதித் தேர்வில் தேறிய மாணவன் ஒருவன் கடிதம் ஒன்றின் படியைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். மேற்படிப்பில் சேர்வதற்கு இன்றியமையாத சான்றிதழ் ஒன்றைக் கேட்டு, ஓர் அலுவலகத்திற்கு அவனே ஆங்கிலத்தில் எழுதியிருந்த கடிதம் அது. ‘யூ மஸ்ட் ஸெண்ட் மை ஸர்டிபிகேட்’ என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. விடை வராமையால் அவன் நேரில் சென்றிருக்கிறான். அங்கிருந்த அலுவலர் கடிதத்தை எடுத்து நீட்டி, “எனக்குக் கட்டளையிட நீ யார், தம்பி?” என்று கேட்டாராம். சான்றிதழ் அவன் கைக்கு வந்தபோது சேர்க்கைக் காலம் கடந்துவிட்டது. ஓராண்டு வீணாயிற்று.

“ஐயா, இதில் இலக்கணப் பிழை எங்கே இருக்கிறது? நீங்கள் சொல்லிக் கொடுத்தபடிதானே எழுதினேன்?” என்று கேட்டான்.

கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை; இலக்கணப் பிழையும் இல்லை. பிழை என்னுடையதாக இருந்தது. ‘மஸ்ட்’ என்றால் ‘வேண்டும்’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, அதனைப் பத்து முறை எழுதி வருமாறு பணித்தவன் நானே. “தாங்கள் என் சான்றிதழை அனுப்பி உதவ வேண்டும்” என்பது தமிழில் பணிவான மொழி. திருமண அழைப்பிதழில், சுற்றத்தாருடன் வந்திருந்து மணமக்களை வாழ்த்த வேண்டும் என்று எழுதுகிறோம். அதனைக் கட்டளையாகக் கொண்டு எவரும் சினப்பதில்லை. நம்முடைய ‘வேண்டும்’ என்னும் சொல்லுக்குள் ‘வேண்டுதல்’ இருக்கிறது. ஆங்கில ‘மஸ்ட்’ அவ்வாறு இரந்து நிற்கும் சொல் அன்று. நண்பன் ஒருவனை விருந்துக்கு அழைக்கும்போது, நீ கட்டாயம் வந்தே தீர வேண்டும் என்னும் பொருளில் ஆங்கிலேயரும் ‘மஸ்ட்’ என்று வற்புறுத்துவது உண்டு. ஆனால் அது கொடுப்பவன் வாயில் வரும் சொல். கேட்பவன் வாயில் வந்தால் அதிகாரமாகிவிடும். அந்த மாணவன் கேட்பவனாக இருந்தான். இந்த வேறுபாட்டை நான் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

ஆசிரிய நண்பர்களே, ‘கேன்’, ‘குட்’, ‘மே’, ‘மைட்’, ‘மஸ்ட்’, ‘ஷல்’, ‘ஷுட்’, ‘வில்’, ‘வுட்’ என்னும் ஒன்பது சிறு சொற்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ‘நீட்’, ‘ஆட் டு’ போன்ற ஓரிரு உறவினர்களும் இவற்றுக்கு உண்டு. ஒரு செயல் நடந்ததா, நடக்கிறதா என்று கூறுவது இவற்றின் வேலை அன்று. அச்செயலைப் பற்றிப் பேசுபவனின் மனம் எங்கே நிற்கிறது என்பதையே இவை காட்டும். இயலுமா, ஒப்புதல் உண்டா, கடமையா, ஐயமா, துணிபா என்பனவற்றை இவற்றால் அறிகிறோம். ஆகவே, இச்சொற்களுக்கு அகராதிப் பொருளை மட்டும் உரைத்து விட்டுவிட்டால், மாணாக்கன் கையில் திறவுகோல் கொத்தைக் கொடுத்து, எந்தப் பூட்டுக்கு எந்தத் திறவுகோல் என்பதைச் சொல்லாமல் விடுவது போலாகும்.

இவற்றின் இலக்கணத்தில் மாணவர் முதலில் தடுமாறும் இடம், ‘ஹீ’, ‘ஷீ’ என்பவற்றின் பின்னர் ஏனைய வினைகளோடு வரும் ‘ஸ்’ என்னும் விகுதி இவற்றில் வாராமை. ‘ஹீ கம்ஸ்’ என்று கற்ற பிள்ளை ‘ஹீ கேன்ஸ்’ என்று கூறுவது இயல்பே. இங்கே நாம் தமிழைத் துணைக்கு அழைக்கலாம். நான் வந்தேன், நீ வந்தாய், அவன் வந்தான், அவர்கள் வந்தார்கள் என்று தமிழ் வினை ஆளுக்கு ஆள் விகுதி மாறுகிறது. ஆனால், நான் வரலாம், நீ வரலாம், அவன் வரலாம், அவர்கள் வரலாம் என்னும்போது அந்த மாற்றம் எங்கே போயிற்று? நான் வர வேண்டும், அவள் வர வேண்டும் என்பனவும் அத்தகையனவே. தமிழிலும் இச்சொற்கள் திணை, பால், எண், இடம் காட்டாமல் நிற்கின்றன. இதனை ஒருமுறை மாணவரே கண்டுபிடிக்குமாறு செய்துவிட்டால், ‘கேன்ஸ்’ என்னும் பிழை வகுப்பை விட்டு ஓடிவிடுகிறது. விதியை நூறு முறை ஒப்பித்தாலும் கிட்டாத தெளிவு இதில் கிட்டுவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் இது நேர்ந்ததற்கு ஒரு வரலாறும் உண்டு. ‘கேன்’, ‘மே’, ‘ஷல்’ முதலியவை மிகப் பழங்காலத்தில் இறந்தகால வடிவங்களாக இருந்து, பின்னர் நிகழ்காலப் பொருளை ஏற்றுக்கொண்டவை. இறந்தகால வினையில் ‘ஸ்’ விகுதி சேர்வதில்லை அன்றோ? அந்தப் பழைய இயல்பு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கேன்’ என்பதன் பழம்பொருள் ‘அறிதல்’ என்பதாகும். அறிந்தவன் செய்ய வல்லவன் என்று பொருள் நகர்ந்தது. நாமும் “எனக்கு நீந்தத் தெரியும்” என்றுதானே சொல்கிறோம்? ‘ஷல்’ என்பது ‘கடன்பட்டிருத்தல்’ என்னும் பொருளில் வழங்கியது. தமிழிலும் ‘கடன்’ என்னும் ஒரே சொல் திருப்பித் தர வேண்டிய பொருளையும் செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கிறது. இந்தச் செய்திகளைத் தேர்வுக்காகச் சொல்ல வேண்டியதில்லை. பிற்பகல் முதல் வகுப்பில், பிள்ளைகளின் கண்கள் சொக்கும் வேளையில், இரண்டு நிமிடம் சொல்லலாம்.

இனி, வகுப்பறைக்கு வருவோம். நம் பள்ளிகளில் ஒரு வகுப்பில் ஐம்பது, அறுபது மாணவர் அமர்ந்திருப்பது புதிதன்று. பெஞ்சுகளை நகர்த்தவும் இடம் இராது. “விளையாட்டாகக் கற்பியுங்கள்” என்று அறிவுரை கூறும் நூல்கள் பலவும், பன்னிரண்டு பேர் வட்டமாக நாற்காலியிட்டு அமரும் அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றைப் படித்துவிட்டு நம் வகுப்பில் நுழையும் இளம் ஆசிரியர், ஒரே வாரத்தில் மனம் சோர்ந்து, மீண்டும் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் பயிற்சிக்கே திரும்பிவிடுகிறார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வருவதில்லை. ஆகையால், எழுந்து நடமாடாமலே ஆடக்கூடிய செயல்களையே நான் பெரிதும் தேடினேன்.

அவற்றுள் எனக்கு மிகவும் கைகொடுத்தது ஒரு மஞ்சள் பை.

வீட்டிலிருந்து புறப்படும்போது ஏதேனும் ஒரு பொருளை அந்தப் பையில் இட்டு, வாயைக் கயிற்றால் கட்டி எடுத்துச் செல்வேன். ஒருநாள் பாக்குவெட்டி; ஒருநாள் புளியம்பழம்; ஒருநாள் பழைய பூட்டு. முதல் வரிசை மாணவன் பையை வெளியிலிருந்து தொட்டுப் பார்க்கலாம், குலுக்கலாம், முகரலாம், திறக்கக் கூடாது. அவன் ஒரு வாக்கியம் கூறிவிட்டு அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் எவருக்கும் உறுதி இராது. ‘இட் மைட் பீ எ ஸ்டோன்’ என்பான் ஒருவன். கல்லாக இருந்தாலும் இருக்கலாம் என்பது அதன் பொருள். அடுத்தவன் குலுக்கிப் பார்த்து, இரும்பின் ஒலி கேட்கிறது என்று சொல்லி, ‘இட் மே பீ எ லாக்’ என்பான். மூன்றாமவன் அதன் இரு கைப்பிடிகளையும் தடவிப் பார்த்து, ‘இட் கான்ட் பீ எ லாக்’ என்று மறுப்பான். பூட்டாக இருக்க முடியாது என்று அவனுக்குத் துணிபு பிறந்துவிட்டது. இறுதியில் பின்வரிசைச் சிறுமி ஒருத்தி, தன் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை நினைத்துக்கொண்டு, பாக்குவெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதை ‘இட் மஸ்ட் பீ’ என்று தொடங்கி, அதற்கு ஆங்கிலச் சொல் அறியாமல் விழித்தாள். பாக்குவெட்டி என்றே முடிக்கலாம் என்றேன். வகுப்பு ஆரவாரித்தது.

இந்த ஆட்டத்தில் ஐயம் படிப்படியாகத் துணிபாக மாறும்போது சொல்லும் உடன் மாறுவதை மாணவன் தன் விரல் நுனியில் உணர்கிறான். ஆசிரியர் கவனித்துக் காட்ட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ‘மஸ்ட் பீ’ என்பதற்கு எதிர்மறை ‘மஸ்ட் நாட் பீ’ என்று மாணவர் கருதுவர். அனுமானத்தில் அது வழக்கமன்று. ‘கான்ட் பீ’ என்பதே இயல்பான எதிர்மறை. இதனை மனப்பாடம் செய்விக்கத் தேவையில்லை. “அவர் வீட்டில் இருக்க வேண்டும், வண்டி நிற்கிறது” என்று தமிழில் ஊகித்துச் சொல்கிறோம். இதனை மறுத்துச் சொல்லும்போது “அவர் வீட்டில் இருக்க முடியாது; கதவு பூட்டியிருக்கிறது” என்கிறோம். ‘வேண்டும்’ என்பது ‘முடியாது’ என்று மாறுவது போலவே, அங்கும் ‘மஸ்ட்’ என்பது ‘கான்ட்’ என்று மாறுகிறது. இவ்வளவு நெருங்கிய ஒற்றுமை நம் வீட்டு வாயிலிலேயே இருக்க, அதனைப் பாராமல் அட்டவணை போட்டுக்கொண்டிருந்த என் பழைய நாட்களை எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

பையைத் திறந்து பொருளை மேசைமேல் வைத்தவுடன், மாணவர் ஒருவரும் ‘மே’ என்றோ ‘மஸ்ட்’ என்றோ சொல்வதில்லை. ‘இட் ஈஸ்’ என்று கூறிவிடுகின்றனர். பை கட்டியிருக்கும் வரையில்தான் இத்துணைவினைகளுக்கு அங்கே வேலை. ஆதலால் ஆசிரியர் அவசரப்பட்டுப் பையை அவிழ்த்துவிடலாகாது.

விலக்கும் தேவையின்மையும் அடுத்தபடியாக மாணவரை இடறிவிழச் செய்பவை. ‘மஸ்ட்’ என்பது கடமை. அதனோடு ‘நாட்’ சேர்ந்தால் கடமை இல்லை என்றுதான் பொருள்படும் என்று கணக்குப் போடுகிறான் மாணவன். அது பிழை. ‘மஸ்ட் நாட்’ என்பது ‘கூடாது’. ‘நீட் நாட்’ என்பது ‘வேண்டியதில்லை’. மருந்துச் சீட்டில், வெறும் வயிற்றில் உண்ணக் கூடாது என்பதை, வெறும் வயிற்றில் உண்ண வேண்டியதில்லை என்று ஒருவன் படித்துக்கொண்டால் என்ன ஆகும்? தொழிற்கூடத்தில் மின்சாரப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை அவ்வாறு படித்தால் என்ன ஆகும்? இங்கே மதிப்பெண்ணைக் காட்டிலும் பெரியது ஒன்று அடங்கியிருக்கிறது.

தமிழில் ‘கூடாது’, ‘வேண்டியதில்லை’ என்னும் இரண்டும் தெளிவாகவே பிரிந்து நிற்கின்றன. குழப்பம் விளைப்பது ‘வேண்டாம்’ என்னும் சொல்லே. “நாளை வர வேண்டாம்” என்று தலைமையாசிரியர் கூறினால் அது விடுமுறையும் ஆகலாம், தண்டனையும் ஆகலாம். ஆகவே, வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது ‘வேண்டாம்’ என்னும் சொல்லைச் சற்று ஒதுக்கி வைத்துவிடுவது நலம்.

இதற்கு நான் கையாண்ட ஆட்டம் வாயிற்காவலன் ஆட்டம். ஒரு மாணவன் வகுப்பின் முன்னே காவலனாக நிற்பான். அவன் எந்த இடத்திற்குக் காவலன் என்பதை ஒரு சீட்டில் எழுதி அவனிடம் மட்டும் காட்டுவேன். நூலகம், மருத்துவமனை, பெட்ரோல் நிலையம், திரையரங்கு, கோயில் என ஏதேனும் ஓரிடம். மற்றவர் தத்தம் இடத்தில் இருந்தபடியே ‘மே ஐ’ என்று தொடங்கி ஒப்புதல் கேட்பர். சிரிக்கலாமா? செருப்பு அணிந்து வரலாமா? புகைவண்டிச் சீட்டுப்போல் இதற்குச் சீட்டு வாங்க வேண்டுமா? காவலன் ‘யூ மே’, ‘யூ மஸ்ட்’, ‘யூ மஸ்ட் நாட்’, ‘யூ நீட் நாட்’ என்னும் நான்கினுள் ஒன்றைக் கொண்டே விடையிறுக்க வேண்டும். விடைகளைக் கொண்டு அது எந்த இடம் என்று வகுப்பு கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை, நூலகக் காவலனாக நின்ற சிறுவனிடம், பேசலாமா என்று கேட்டபோது, ‘யூ நீட் நாட்’ என்றான். பேச வேண்டிய தேவை இல்லாத இடம் எது என்று எண்ணி வகுப்பு முழுவதும் திரையரங்கு என்று முடிவு கட்டியது. அவன் சீட்டை உயர்த்திக் காட்டியபோது, தோற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து, ‘மஸ்ட் நாட்’ என்று நீ சொல்லியிருக்க வேண்டும் என்று அவனோடு சண்டையிட்டனர். அன்று நான் அவனைத் திருத்த வேண்டிய தேவை ஏற்படவில்லை.

இத்தகைய செயல்களுக்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சியும் உண்டு. என். எஸ். பிரபு என்னும் அறிஞர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களிலுள்ள பள்ளிகள் சிலவற்றில் ஒரு திட்டத்தை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று உலகெங்கும் மொழியாசிரியர்களால் பேசப்படுவது அதுவே. இலக்கண விதிகளை வரிசையாகக் கற்பிப்பதை விட்டுவிட்டு, புகைவண்டிக் கால அட்டவணையைப் பார்த்து வழி காணுதல், வரைபடத்தைப் படித்தல் போன்ற வேலைகளை மாணவருக்குக் கொடுத்தார். பொருளில் மனம் ஈடுபட்டிருக்கும்போது மொழியின் அமைப்பு தானே உள்ளத்தில் படிந்துவிடும் என்பது அவர் கொள்கை. வேலைகளை அவர் மூவகையாகப் பகுத்தார். ஒருவனிடம் இருக்கும் செய்தி மற்றவனிடம் இல்லாமை முதலாவது. கிடைத்த செய்தியிலிருந்து ஆராய்ந்து புதியதொன்றை உணர்தல் இரண்டாவது. ஒருவனுடைய கருத்தும் விருப்பும் வெளிப்படுதல் மூன்றாவது. வாயிற்காவலன் ஆட்டம் முதல்வகையைச் சேர்ந்தது; மஞ்சள் பை பெரும்பாலும் இரண்டாம் வகை. அத்திட்டத்தின் படிப்பினைகளை 1987-இல் அவர் ஒரு நூலாக வெளியிட்டார். மாணவரைச் சிறு குழுக்களாகப் பிரித்தே தீர வேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை என்பது அறுபது பேர் வகுப்பை நடத்தும் நமக்கு ஆறுதலான செய்தி. ஆனால், அவரைப்போல் இலக்கணத்தை முற்றிலும் ஒதுக்கிவைக்க எனக்குத் துணிவில்லை. ஆட்டம் முடிந்தபின் ஐந்து நிமிடம், நிகழ்ந்த வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, ஏன் இப்படிச் சொன்னோம் என்று கேட்டுவிட்டே மணியடிக்க விடுவேன்.

கோடிட்ட இடங்களைப் பற்றியும் ஒரு சொல். வினாத்தாளில் ‘யூ’ என்று எழுதி, ஒரு கோடு போட்டு, பெற்றோருக்குக் கீழ்ப்படி என்பதை அடுத்து எழுதிவிட்டு, பொருத்தமான துணைவினையை நிரப்புக என்கிறார்கள். ‘மஸ்ட்’ என்று எழுதினாலும் பொருந்தும். ‘ஷுட்’ என்று எழுதினாலும் பொருந்தும். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்த நிலையில் பேசுகிறார் என்பவை தெரிந்தால் அன்றோ எது பொருத்தம் என்று கூற முடியும்? விடைத்தாள் திருத்துபவர் கையிலுள்ள விடைக்குறிப்பில் ஒன்று மட்டுமே இருக்கும். மற்றொன்றை எழுதிய மாணவன் அறிவுடையவனாக இருந்தும் மதிப்பெண் இழப்பான்.

‘ஷுட்’, ‘மஸ்ட்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்த, ஒரு காய்ச்சல்காரனை உண்டாக்கினேன். மாணவன் ஒருவன் தலையில் துணி கட்டி அமர்ந்து, தன் நோயைக் கூறுவான். மருத்துவர், பாட்டி, உடன் படிப்பவன், பயிற்சி ஆட்டத்துக்கு அவனை எதிர்பார்த்திருக்கும் கால்பந்துக் குழுத் தலைவன் ஆகிய நால்வர் வந்து பேசுவர். மருத்துவர் ‘மஸ்ட்’ என்பார். தோழன் ‘ஷுட்’ என்று நயமாக அறிவுரை கூறுவான். பாட்டியாக வந்தவன் மருத்துவரையும் மிஞ்சி எல்லாவற்றுக்கும் ‘மஸ்ட்’ போட்டான். நம் வீட்டுப் பாட்டிமார் இயல்பு அதுவே ஆதலால் நான் தடுக்கவில்லை. பின்னர் நோயாளி, தன்னைப் பார்க்க வந்த வேறொருவனிடம், மூன்று நாள் படுத்திருக்க நேர்ந்துவிட்டது என்று சொல்லும்போது ‘ஐ ஹேவ் டு’ என்பான். விதித்தவன் தானே பேசும்போது பெரும்பாலும் ‘மஸ்ட்’. பிறர் விதித்ததை எடுத்துச் சொல்லும்போது பெரும்பாலும் ‘ஹேவ் டு’. இந்த எல்லைக்கோடு ஆங்கிலேயர் பேச்சிலேயே அழிந்தும் தெரிந்தும் கிடக்கிறது. அதனைத் தேர்வு வினாவாக்கிப் பிள்ளைகளை வாட்ட வேண்டியதில்லை.

நிகழ்ந்து முடிந்தவற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும், தமிழ் நமக்குச் சிறிது இடையூறு செய்கிறது. “அவர் நேற்றே வந்திருக்க வேண்டும்” என்று கூறினால் என்ன பொருள்? கொல்லையில் அவர் மிதிவண்டி நிற்பதைக் கண்டு, வந்துவிட்டார் என்று ஊகிப்பதாகவும் கொள்ளலாம்; நேற்று வருவதாக வாக்களித்தவர் வரவில்லையே என்று குறை கூறுவதாகவும் கொள்ளலாம். கேட்பவர் இடம் நோக்கிப் பொருள் கொள்கிறார். ஆங்கிலமோ முன்னதற்கு ‘மஸ்ட் ஹேவ் கம்’ என்றும், பின்னதற்கு ‘ஷுட் ஹேவ் கம்’ என்றும் இரு வழி பிரித்துவிடுகிறது. “சொல்லியிருக்கலாம்” என்பதும் அவ்வாறே. சொன்னாரோ என்னவோ என்னும் ஐயம் ஒன்று. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்னும் ஆற்றாமை மற்றொன்று. இதனைக் கற்பிக்கக் கதையே தக்க கருவி. திருட்டுப்போன மாம்பழக் கூடையைப் பற்றி ஒரு சிறு கதையைப் பாதியில் நிறுத்தி, திருடன் எவ்வழியே வந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்து வரிசைகளையும், காவற்காரன் என்ன செய்திருக்க வேண்டும் என்று மறுபக்கத்து வரிசைகளையும் பேசவிடுவேன். இரு பக்கமும் தமிழில் எண்ணுவது ஒரே வடிவம். ஆங்கிலத்தில் வாயில் வர வேண்டியது வெவ்வேறு வடிவம். எட்டாம் வகுப்புக்கு இது கடினம். பத்தாம் வகுப்பில் பலன் தரும்.

சில சிறு பிழைகளையும் இங்கே குறிப்பிட்டுச் செல்கிறேன். ‘கேன் ஏபிள் டு’ என்று இரண்டையும் ஒருங்கே சேர்த்துச் சொல்வது நம்மிடையே பெருகியிருக்கிறது. அவ்விரண்டில் ஒன்றே போதும். கூட்டம் நாளை நடைபெறும் என்று அறிவிக்கும் இடத்தில் ‘வில்’ என்று எழுதாமல், மரியாதை மிகும் என்று எண்ணி ‘வுட்’ என்று எழுதும் வழக்கம் நம் அறிவிப்புப் பலகைகளில் காணப்படுகிறது. அதனைப் படிக்கும் ஆங்கிலேயர், எந்த நிபந்தனை நிறைவேறினால் கூட்டம் நடக்குமோ என்று ஐயுறுவார்.

வானொலியில் பேசுவதால் ஒலியைப் பற்றியும் கூறுவது பொருந்தும். ‘ஐ கேன் கம்’ என்னும்போது ஆங்கிலேயர் ‘கேன்’ என்பதை அழுத்துவதில்லை. ‘கன்’ என்பதுபோல் விரைந்து நழுவவிட்டு, ‘கம்’ என்பதையே அழுத்துவர். முடியாது என்னும்போது ‘கான்ட்’ என்று நீட்டி அழுத்துவர். நாமோ முடியும் என்பதிலும் ‘கேன்’ என்பதை ஓங்கி ஒலிக்கிறோம். தொலைபேசியில் நம் குரலைக் கேட்பவர், வர முடியாது என்று சொன்னதாகக் கொண்டுவிட்டால் அவர்மேல் குற்றமில்லை. இதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு. மாணவன் முதுகைத் திருப்பி நின்று ஒரு வாக்கியம் சொல்ல, முடியும் என்று கேட்டவர் கை உயர்த்த வேண்டும். முடியாது என்று கேட்டவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பாதிக் கைகள் உயர்ந்தும் பாதிக் கைகள் கட்டியும் இருந்தால், பிழை எங்கே என்று பேசியவனே உணர்வான்.

எஞ்சியிருப்பது, அந்தக் கடிதத்தால் என் மனத்தில் தைத்த முள், பணிவு.

நம் மக்கள் பணிவற்றவர் அல்லர். தமிழில் பணிவு வினையின் விகுதியில் அமர்ந்திருக்கிறது. கொடு என்பதைக் கொடுங்கள் என்று ஆக்கிவிட்டால் மரியாதை வந்துவிடுகிறது. நீ என்பது நீங்கள் ஆகிறது, தாங்கள் ஆகிறது. ஆங்கிலத்திலோ ‘யூ’ ஒன்றுதான். ‘கிவ்’ என்னும் வினையில் ‘உங்கள்’ சேர்க்க வழியில்லை. தமிழ்ப் பிள்ளை மனத்தில் ‘கொடுங்கள்’ என்று எண்ணி, வாயில் ‘கிவ் மீ’ என்கிறது. விகுதியில் இருந்த மரியாதை வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. அந்த மரியாதையை ஆங்கிலம் ‘குட்’, ‘வுட்’ என்னும் சொற்களிடத்தில் வைத்திருக்கிறது. இதனை அறியாத நம் இளைஞர் நேர்முகத் தேர்வில் முரடர் எனப் பெயர் வாங்கிக்கொண்டு வருகின்றனர்.

ஆகவே, வகுப்பில் ஒரு புகைவண்டிச் சீட்டு வழங்குமிடம் அமைத்தேன். மேசைமேல் ஓர் அட்டையை நிறுத்தி, அதன் பின்னே நான் அமர்ந்துகொண்டேன். அட்டையில் சதுரமாக ஒரு சாளரம் வெட்டி, அதற்கு ஒரு தாள் கதவும் ஒட்டியிருந்தேன். வருபவன் ‘கிவ் மீ எ டிக்கட்’ என்றால் கதவு அசையாது. ‘கேன் யூ’ என்று கேட்டால் ஒரு விரற்கடை திறக்கும். ‘குட் யூ’ என்றால் பாதி திறக்கும். ‘குட் யூ ப்ளீஸ்’ என்றால் முழுதும் திறந்து சீட்டு வெளியே வரும். ‘மஸ்ட்’ என்று ஒருவன் சொன்னபோது, கதவைச் சாத்திவிட்டு, உணவு இடைவேளை என்று பலகை வைத்தேன். அதன் பிறகு அந்தச் சொல்லை அங்கே எவனும் துணிந்து சொல்லவில்லை. ஊர்ப்பெயர்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டேன். ஒருவன் தன் தந்தை வேலை பார்க்கும் ஊருக்கும், மற்றொருவன் இதுவரை பார்த்திராத கடற்கரை ஊருக்கும் சீட்டுக் கேட்டார்கள்.

கடைசியாக, எப்போதும் வாய் திறவாத ஒரு சிறுமி வந்து நின்றாள். வெகுநேரம் சாளரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர், மிக மெல்லிய குரலில், ‘குட் யூ கிவ் மீ டூ டிக்கட்ஸுங்க’ என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் கதவை முழுதும் திறந்து, இரண்டு சீட்டுக்களையும் அவள் கையில் கொடுத்தேன்.